வெண்ணெய் வியாபாரி வீட்டுக் காகிதங்கள்

என் மாமனார் இறந்த பிறகு அந்த டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வேறு யாரும் வேண்டாம் என்றதால் வந்தது. அவருடைய மகன், என் மனைவியின் அண்ணன், ஆஸ்திரேலியாவில் இருந்தார். பிளேனில் அவ்வளவு கனம் ஏற்ற விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். மந்தைவெளியில் மாமனார் இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ண வேண்டும். கட்டிலை ஒருத்தர் கொண்டுபோனார், மேஜையை ஒருத்தர். பெட்டி மட்டும் வாசலில் கிடந்தது. நான் ஆட்டோ பிடித்து அதைக் கோட்டூர்புரத்துக்குக் கொண்டுவந்தேன்.

உள்ளே எல்லாம் காகிதம். ஒரே குடும்பத்துக் காகிதம். அந்தக் குடும்பத்தில் முதல் ஆள் அயர்லாந்திலிருந்து கப்பல் ஏறி மதராசுக்கு வந்தவர். வெண்ணெய் வியாபாரி. உப்புப் போட்ட வெண்ணெயைப் பீப்பாயில் அடைத்துக் கொண்டுவந்து இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார். பிறகு மெழுகுவத்தி, கயிறு, கப்பலுக்கு வேண்டிய பாய்த்துணி. பேரன்கள் காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. அவர்கள் இங்கேயே கல்யாணம் கட்டி இங்கேயே தங்கிவிட்டார்கள். தந்தி ஆபீஸில் ஒருத்தர், துறைமுகத்தில் ஒருத்தர். என் மாமனார் ரயிலில் கார்டு.

இதெல்லாம் என் மனைவி படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வருவாள். மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும் செய்வாள். சாப்பிட்டதும் பெட்டியைத் திறப்பாள். நான் தரையில் படுத்துக்கொள்வேன். அவள் ஒரு கடிதத்தை எடுத்து மனசுக்குள் ஒரு தடவை படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்வாள். என்னை அவள் கூப்பிடுவது மேன் என்றுதான்.

“கேளு மேன். வெண்ணத் தாத்தா அயர்லாந்துல கீற தன் தம்பிக்கு எழுதறாரு. ‘இனிமே வெண்ண அனுப்பாத. பீப்பாயத் தொறந்தா எண்ணெயாட்டம் ஊத்துது. மாட்டு வண்டிக்காரன்தான் வாங்கறான், சக்கரத்துக்குப் போட.’”

“வண்டிக்காரனாச்சும் வாங்கினானே.”

“உங்க ஊரு வெயிலு எங்க தாத்தாவ இன்னா பாடு படுத்திச்சு பாத்தியா?”

“யாரு வரச் சொன்னது உங்க தாத்தாவ?”

“அவரு வரலன்னா உனுக்கு யாரு மேன் பொண்ணு குடுத்திருப்பா?”

“இப்ப மட்டும் யாரு குடுத்தா?”

அதற்கு அவள் கடிதத்தால் என் காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். பழைய காகிதம் ஆச்சே என்று உடனே அதைத் தடவிப் பார்ப்பாள்.

ஒரு கடிதத்தில் வியாபாரியின் குழந்தை காய்ச்சலில் செத்துப்போகும். அதை ஒரு தடவைதான் படித்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

யாரும் பொண்ணு கொடுக்கவில்லை என்பது உண்மைதான். நான் பிளம்பர். அவர்கள் வீட்டு மோட்டார் தண்ணி ஏற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் வேலை. அதை மூன்று நாள் செய்தேன். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருஷம் கழித்து ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். மாமனார் வரவில்லை. கடைசி வரைக்கும் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழாய்க்காரன் என்பார். அதுவும் என்னிடம் இல்லை, மற்றவர்களிடம்.

பெட்டியின் அடியில் ஒரு பெரிய தாள் உண்டு. எட்டாக மடித்தது. துணி மாதிரித் தடிப்பு. அதில்தான் அந்தக் குடும்பத்தின் பேர்கள் இருக்கின்றன. மேலே வெண்ணெய் வியாபாரியும் அவர் சம்சாரமும். அதற்குக் கீழே பிள்ளைகள், பேரன்கள், கிளை கிளையாக இறங்கும். பிறந்தால் அதில் எழுதமாட்டார்கள். கல்யாணம் ஆனால்தான் எழுதுவார்கள். அந்த வீட்டில் அப்போது யார் மூத்தவரோ அவர் எழுதுவார். மை பேனாவால்தான் எழுத வேண்டும். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். தன் பேரைத் தானே எழுதக் கூடாது. இத்தனை தலைமுறையில் ஒருத்தரும் அதை மீறினதில்லை என்றாள்.

அவள் அண்ணன் பேர் இருந்தது. பக்கத்தில் அவர் சம்சாரம் பேர். அதற்குப் பக்கத்தில் இடம் காலி.

கல்யாணம் ஆன வாரம் அவள் தன் அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தத் தாள் குடும்பத்துக்கு உண்டானது என்று அவர் மடித்து வைத்துவிட்டார். மகனிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார், நான் போன பிறகும் நீ எழுதக் கூடாது என்று. அதையும் அவளிடம் சொல்லியே வாங்கியிருக்கிறார்.

எந்தக் குடும்பத்தில் அவள் பேர் இல்லையோ அந்தக் குடும்பத்துப் பெட்டியை அவள்தான் இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தாள். வேப்பிலை போட்டாள், பூச்சி உருண்டை போட்டாள். வெயில் நாளில் கட்டிலில் பரப்பிக் காத்தாட வைத்தாள்.

“நீயே எழுதிக்கோயேன்,” என்று ஒரு தடவை சொன்னேன்.

“நானா எழுதினா அது கிறுக்கினது மேன். அவன் எழுதினாத்தான் பேரு.”

அதன் பிறகு நான் அதைப் பேசவில்லை. அவளும் அடிக்கடி பேசமாட்டாள். ஆனால் அந்தத் தாளைப் பிரித்தால் எப்போதும் அந்தக் காலி இடத்தில்தான் கை வைத்துப் பிடிப்பாள்.

சர்க்கரை அவளை முதலில் காலில் பிடித்தது. ஒரு விரல் போனது. பிறகு கண் மங்கியது. கடிதம் படிப்பது நின்றது. கடைசியில் கிட்னி. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். அந்த மழைக் காலத்தில் மூச்சு வாங்கியது என்று அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். நான் கூட இருந்தேன்.

ஆறு ஏறியது. பக்கத்து வீட்டம்மா போன் பண்ணினாள். “அண்ணே, உங்க ஊட்ல முட்டி மட்டும் தண்ணி கீது.” நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டில் கீழ் வீடு. நான் போவதற்குள் ஒரு நாள் ஆகிவிட்டது. தண்ணி வடிந்திருந்தது. சேறு நின்றது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பாதிக் காகிதம் கஞ்சி ஆகிவிட்டது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. மேலே இருந்த நாற்பது ஐம்பது தாள் தேறியது. நனைந்திருந்தது, ஆனால் எழுத்து இருந்தது. பேர் எழுதின தாளும் தேறியது. அதை மட்டும் எப்போதோ அவள் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

கொடி கட்டிக் காயப் போட்டேன். ஃபேனுக்கு அடியில் வைத்தேன். துணி போர்த்தி இஸ்திரி போட்டேன்.

எங்கள் பக்கத்தில் காகிதம் என்றால் லேமினேஷன் பண்ணுவோம். ரேஷன் கார்டு, பிள்ளைகள் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், எல்லாம். ஆறு எப்போது ஏறும் என்று தெரியாது. தண்ணி போன பிறகு அதை ஒரு துடை துடைத்தால் ஆச்சு. வீடு போனாலும் ஆபீஸில் போய் நீட்ட ஒரு காகிதம் இருக்கும். அந்த வாரம் மந்தைவெளி ஜெராக்ஸ் கடையில் எங்கள் ஆட்கள்தான் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். தண்ணி உள்ளே போகாமல் அடைக்கிற வேலையைத்தான் நான் முப்பது வருஷமாகச் செய்கிறேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கடையில் இருந்த அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள்.

“ரொம்பப் பழசாட்டம் கீதே அண்ணே. சூடு தாங்குமா?”

“போடும்மா. தண்ணி உள்ள போவக் கூடாது. அவ்ளோதான்.”

பெரிய தாளுக்கு இருப்பதிலேயே பெரிய பிளாஸ்டிக் போட்டாள். மெஷின் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளியது. பளபளவென்று வந்தது. சுருக்கம் எல்லாம் போய்விட்டது. தொட்டால் சூடாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்று விடாமல் போட்டுப் பெட்டியில் அடுக்கினேன். பெட்டியைப் பரண் மேல் ஏற்றினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்தேன். வீட்டுக்குள் தண்ணி வந்ததைச் சொன்னேன். பெட்டிக்குள் வந்ததைச் சொல்லவில்லை. பாதிக் காகிதம் போச்சு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று விட்டேன்.

பத்து நாள் இருக்கும். அண்ணன் போன் பண்ணினார். நான் பக்கத்தில் இருந்தால் அவள் அண்ணனிடம் தமிழில்தான் பேசுவாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் மகனுக்கு இப்போது முன்னோர் கதை எல்லாம் தெரிய வேண்டுமாம். பெட்டியைக் கொண்டுபோக ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார்.

“எடுத்துக்கோ. யாரு வாணான்னது? மொதல்ல என் பேர எழுது. மேன் பேரையும் எழுது. அப்பால பெட்டியத் தூக்கு.”

“டாடிக்கு வாக்கு குடுத்துட்டேன்,” என்றார்.

“டாடி கல்லறையில கீறாரு. அடுத்து நான் போவப் போறேன். உனுக்கு எழுவது வயசாவுது. இன்னும் யாருக்குடா பயப்படற?”

ரொம்ப நேரம் கழித்து அவர் சொன்னார். “சரி. நானே வரேன். வந்து எழுதறேன்.”

அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள். “எழுதறானாம் மேன்! கேட்டியா? எழுதறானாம்!” என்றாள். பிறகு, “மை பேனா வாங்கணும். பால்பாயின்ட்ல எழுத வுடமாட்டேன்,” என்றாள்.

அவள் பேனா என்றதும்தான் எனக்கு உறைத்தது. பிளாஸ்டிக் மேல் மை பிடிக்காது.

“இன்னா மேன், மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

“ஒண்ணுமில்ல. பசி.”

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“போட்டா போட்டதுதான் அண்ணே. அது பேப்பரோட சேந்து ஒட்டிக்கும்.”

அப்படியும் வீட்டுக்கு வந்து, அவள் தூங்கும்போது, இருப்பதிலேயே சின்னதாக ஒரு சீட்டை எடுத்தேன். பிளேடால் ஓரத்தைக் கீறி உரித்தேன். பிளாஸ்டிக் வந்தது. எழுத்தும் அதோடு வந்தது. கையில் நின்றது நார் நாராக ஒரு வெள்ளைப் பொருக்கு. அதில் என்ன எழுதியிருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்கு மேல் நான் பெரிய தாளைத் தொடவில்லை.

அண்ணன் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தினம் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்ப்பேன். சொல்லமாட்டேன். அவள் அந்த நாட்களில் கஞ்சி குடித்தாள். முன்பு இரண்டு வாயோடு தள்ளிவிடுவாள். இப்போது டம்ளர் முழுக்கக் குடித்தாள். பக்கத்து வீட்டம்மாவிடம், எங்க அண்ணன் வருது, எனக்கு ஒரு வேலை செய்ய வருது என்றாள். மயிலாப்பூர் போய் மை பேனா வாங்கிவரச் சொன்னாள். போனேன். குளத்துப் பக்கம் ஒரு கடையில் பேனாவும் ஒரு பாட்டில் மையும் வாங்கினேன். கடைக்காரர் மையை நிரப்பி ஒரு தாளில் கோடு இழுத்துக் காட்டினார். நன்றாக எழுதியது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் வந்த அன்று அவள் நீலக் கவுனை எடுக்கச் சொன்னாள். பீரோவில் அடியில் இருந்தது. அவள் இளைத்துப் போயிருந்ததால் தோளில் நிற்கவில்லை. ஊக்கு மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா தலை சீவிவிட்டாள்.

அண்ணன் உள்ளே வந்தார். உயரமான ஆள், கூன் விழுந்திருந்தார். எனக்கு ஒரு தலையாட்டல். கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கெழவனாயிட்டடா,” என்றாள்.

“நீ மட்டும்?”

“நான் கெழவியாவறதுக்கு முன்ன போவப் போறேன். பேச்ச வுடு. பெட்டிய எறக்கு மேன்.”

நான் பெட்டியை இறக்கினேன். முன் அறையில், கட்டிலுக்கு எட்டத்தில் வைத்தேன். அவர் எழுந்து வந்து குனிந்து மூடியைத் தூக்கினார்.

மேலே இருந்ததை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தண்ணி வந்துச்சுங்க,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். “வீணாப் போவக் கூடாதுன்னு போட்டேன். நீங்க எழுத வருவீங்கன்னு அப்பத் தெரியாது.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இன்னா மேன் அங்க குசுகுசுன்னு? ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?” என்று அவள் கட்டிலிலிருந்து கேட்டாள்.

அவர் பெரிய தாளைத் தேடி எடுத்தார். வெண்ணெய் வியாபாரியிலிருந்து எல்லாப் பேரும் தெளிவாக இருந்தது. காலி இடமும் தெளிவாக இருந்தது. அதன் மேல் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொன்னார், எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

தாளை ஒரு பலகையில் வைத்து எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்தேன்.

முதலில் நிஜமாகவே எழுதிப் பார்த்தார். மை பிளாஸ்டிக்கில் பிடிக்கவில்லை. பொட்டுப் பொட்டாக உருண்டு நின்றது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு பேனாவுக்கு மூடி போட்டார். மூடி போட்ட பேனாவால் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, எழுதுகிற மாதிரி கையை நகர்த்தினார்.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெருசா எழுதுடா. கஞ்சத்தனம் பண்ணாத.”

“பெருசாத்தான் எழுதறேன்.”

“மேன் பேரு?”

“அதான் எழுதிக்கிட்டு இருக்கேன்.”

அவர் நெற்றி வேர்த்திருந்தது. எழுதி முடித்தவர் மாதிரி தாளை ஊதினார்.

“குடு, பாக்கறேன்,” என்றாள். வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அடித்தது. “ஒண்ணியும் தெர்ல. பளபளன்னு கீது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“எங்க மேன் கீது? வெரல வெச்சுக் காட்டு.”

அவள் விரலை எடுத்துக் காலி இடத்தில் வைத்தேன். அவள் அதை மெதுவாகத் தடவினாள். வழவழவென்று இருந்திருக்கும்.

“உன் பேரு?”

கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வைத்தேன்.

“படி.”

அவள் பேரைச் சொன்னேன். பிறகு என் பேரைச் சொன்னேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண் மங்கினவள் எவ்வளவு பார்த்தாள் என்று தெரியாது. ஆனால் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இங்கிலீஷு எப்ப மேன் கத்துக்கினே?”

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். தாளை நெஞ்சு மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் கைக்குட்டையில் மை ஊறியிருந்தது. அதை மடித்து மடித்துப் பையில் திணித்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். நீலக் கவுனிலேயே அடக்கம் பண்ணினோம்.

அண்ணன் ஒரு வாரம் இருந்தார். பெட்டியில் ஏதாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குப் படிக்க வராது. படித்துச் சொல்ல ஆள் இல்லை. டாக்ஸி வந்தது. பெட்டியை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டார்.

“தெர்லீங்க.”

என் கையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

லேமினேஷன் போட்டதற்கு நான் அவ்வளவாக வருத்தப்படுவதில்லை. தெரியாமல் செய்தது. சொல்லாமல் இருந்தேனே, அதுதான். முதல் நாளே சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். நன்றாகவே திட்டியிருப்பாள், மூன்று வீடு கேட்கும்படி. இரண்டு நாள் என்னிடம் பேசியிருக்கமாட்டாள். மூன்றாம் நாள், சரி மேன், இப்படிப் பண்ணு என்று ஏதாவது வழி சொல்லியிருப்பாள். என்ன வழி என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் வழி சொல்கிறது எப்போதும் அவள்தான். இந்த ஒரு விஷயத்தில் நான் அவளைக் கேட்கவில்லை. பக்கத்திலேயேதான் படுத்திருந்தாள், பன்னிரண்டு நாளும்.